மைனஸ் 30 குளிரில் ஒலிப்பதிவு: எந்த ரெக்கோடர் கொண்டு போகலாம்?

வாவிக்கரையான் (கல்லடி, மட்டக்களப்பு)

வணக்கம். ஜனவரி கடைசியில் நோர்வேக்குப் போகிறேன். துரொம்சோவில் படிக்கிற கூட்டாளி ஒருவன் உறைந்த ஏரிகளைப் பற்றிச் சின்னதாக ஓர் ஆவணப்படம் எடுக்கிறான், ஒலிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறான். முதலில் துரொம்சோ, பிறகு உள்நாட்டில் கராஷோக் என்கிற இடம். அங்கே மைனஸ் 30 எல்லாம் சாதாரணம் என்கிறான். நான் கண்ட பெரிய குளிர் நுவரெலியா, அதுவும் ஏப்ரலில், அதற்கே இரண்டு போர்வை கேட்ட ஆள் நான்.

கையில் இருப்பது ஸூம் எச்5. கோயில் முற்றத்தில் விடிய விடிய நடக்கிற வடமோடிக் கூத்துக்கெல்லாம் அதைத்தான் கொண்டு போவேன், ஒருநாளும் கைவிட்டதில்லை. வாவியில் இறக்கிக் கேட்பதற்கென்று வாங்கின ஹைட்ரோபோன் ஒன்றும் இருக்கிறது. ஆனால் இந்த வகை ரெக்கோடர்களின் கையேட்டைத் திறந்தால் பெரும்பாலும் 0 முதல் 40 பாகை வரை பாவிக்கலாம் என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் அந்தக் குளிரில் பதிவு செய்கிற ஆட்கள் எதை வைத்துச் செய்கிறார்கள்?

எச்5ஐயே கொண்டு போகலாமா, இல்லை குளிர் தாங்குகிற மாதிரி வேறு ஏதும் வாங்க வேண்டுமா? பற்றரி விசயத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மைக், கேபிள் எல்லாம் தாங்குமா என்றும் தெரியவில்லை. இருக்கிற காசு ஒரு நல்ல சாமான் வாங்கத்தான் காணும், அது ரெக்கோடரா மைக்கா என்று முடிவெடுக்க ஏலாமல் இருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வின்னிபெக் மச்சான் (கனடா)

மச்சான், எச்5 போதும், கொண்டு போ. இங்கே ஜனவரியில் மைனஸ் 30 வந்தால் யாரும் அதைப் பெரிதாகக் கதைப்பதில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். ரெக்கோடரை ஜக்கெட்டுக்கு உள்ளே உடம்போடு ஒட்டி வை, மைக் வயரை மட்டும் வெளியே விடு. கையேட்டில் இருக்கிற 0 என்பது கம்பனி உத்தரவாதத்துக்குப் போட்ட கோடு, அதைத் தாண்டின உடனே செத்துவிடாது. திரைதான் மந்தமாகும், எண் மாறும்போது பழைய எண்ணின் நிழல் கொஞ்ச நேரம் நிற்கும், அதைக் கண்டு பயப்படாதே.

ஃபோனில் பதிவு செய்யலாம் என்று மட்டும் நினைக்காதே. பாதிக்கு மேல் சார்ஜ் காட்டிக்கொண்டே இருக்கும், திடீரென்று அணைந்துவிடும்.

பற்றரிக்கடை (கல்முனை)

தம்பி, நான் குளிர் நாட்டுக்குப் போனதில்லை, ஆனால் இந்தச் சாமான்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் தொழில், அதனால் ஏன் நிற்கிறது என்று சொல்லலாம்.

நம் கடைகளில் விற்கிற சாதாரண அல்கலைன் ஏஏ பற்றரிக்குள்ளே இருப்பது தண்ணீரில் கரைத்த காரம். குளிர் கூடக்கூட அதற்குள் அயன்கள் நகருவது மந்தமாகும், உள்தடை ஏறும். பற்றரிக்குள் சக்தி இருக்கும், ஆனால் ரெக்கோடர் இழுக்கும்போது வோல்ட் விழும், ரெக்கோடர் பற்றரி முடிந்துவிட்டது என்று நினைத்து நிற்கும். அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக்கினால் திரும்ப ஓரளவு வேலை செய்யும். மைனஸ் 18க்குக் கீழே அல்கலைனைப் பாவிக்கச் சொல்லி அதைச் செய்கிறவர்களே சொல்வதில்லை.

உங்களுக்கு வேண்டியது லித்தியம் ஏஏ. சார்ஜ் செய்கிற வகை அல்ல, ஒருமுறை பாவித்து எறிகிற வகை, எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் என்று வருகிறதே, அது. அதற்குள் தண்ணீரே கிடையாது, மைனஸ் 40 வரைக்கும் என்று கணக்கு. பாரமும் குறைவு, கையில் எடுத்தாலே தெரியும். விலைதான் கொஞ்சம் குத்தும். ஒரு சங்கதி: இதன் வோல்ட் கடைசி வரைக்கும் மட்டமாக நின்று பிறகு ஒரேயடியாக விழும், அதனால் திரையில் நிறைய இருப்பதாகக் காட்டுவதை நம்பி உட்காராதீர்கள். மெனுவில் பற்றரி வகை கேட்டால் சரியானதைத் தெரிவு செய்யுங்கள்.

சார்ஜ் செய்கிற நிக்கல் வகை, எனலூப் மாதிரி, மைனஸ் 20 வரைக்கும் ஓரளவு இழுக்கும். பவர்பாங்க் என்றால் உள்ளே லித்தியம் அயன், அதை உடம்போடு வைத்தால் நல்லாக ஓடும். ஆனால் 0 பாகைக்குக் கீழே இருக்கிற பவர்பாங்கையோ ஃபோனையோ சார்ஜரில் குத்தாதீர்கள். லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். வெளியே இருந்து வந்த கையோடு எல்லாரும் செய்கிற வேலை அதுதான். இன்னொன்று, சில பவர்பாங்க் சின்னச் சாமானைப் பூட்டினால் இழுக்கிற கரண்ட் போதாது என்று தானாக அணைந்துவிடும், வீட்டிலேயே பூட்டி ஓடவிட்டுப் பாருங்கள்.

இரவுக்கூத்து (களுவாஞ்சிக்குடி)

எல்லாரும் பற்றரி பற்றரி என்று நிற்கிறீர்கள், ஒலியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நான் சொல்கிறேன், அந்த வேலைக்கு எச்5 காணாது. கூத்தில் மத்தளமும் சல்லாரியும் அடிக்கிற சத்தத்துக்கு முன்னால் எந்த ரெக்கோடரின் இரைச்சலும் கேட்காது. காற்று அசையாத உறைந்த ஏரி அப்படி இல்லை. வாகனம் இல்லை, பூச்சி இல்லை, இலை இல்லை. அங்கே கெயினை, அதாவது மைக்கில் வருகிற சத்தத்தைப் பெருக்குகிற அளவை, ஏற்றினால் முதலில் கேட்பது எச்5இன் சொந்த இரைச்சல்தான்.

அடுத்தது, ஐஸ் எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பத்து நிமிசம் ஒன்றும் இருக்காது, பிறகு துவக்குச் சத்தம் மாதிரி ஒன்று வரும். மெல்லிய சத்தத்துக்குக் கெயினை ஏற்றி வைத்திருந்தால் அது கிழிந்துபோகும், அதற்குப் பயந்து இறக்கி வைத்தால் மற்றது எல்லாம் இரைச்சலுக்குள் போகும். தடித்த கையுறையோடு அந்தச் சின்னக் குமிழைத் திருகவும் ஏலாது. 32 பிட் ஃப்ளோட் உள்ள ரெக்கோடர் எடு, அது மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் கெயினைத் தொடாமலே ஒன்றாகப் பிடிக்கும். சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்பிரீ 3, இரண்டாம் பதிப்பு. காசைக் கணக்குப் பார்க்கிற இடம் இது இல்லை.

பறவைக்காது (அக்கரைப்பற்று)

களுவாஞ்சிக்குடி அண்ணன் நோயைச் சரியாகப் பிடித்தார், மருந்தைத்தான் பெரிதாக எழுதிவிட்டார். மிக்ஸ்பிரீ அருமையான சாமான், மறுக்கவில்லை, ஆனால் பாதி வேலை தொடுதிரையில். கையுறையோடு தொடுதிரையைத் தடவிக்கொண்டு நிற்பதா? அதோடு நாலு ஏஏ போட்டாலும் பசி தீராத பெட்டி அது, பெரிய பற்றரி பூட்ட வேண்டும், பெரிய பை வேண்டும். தம்பி காசு ஒரு சாமானுக்குத்தான் காணும் என்று சொல்லியிருக்கிறார்.

ஸூம் எஃப்3ஐப் பாருங்கள். 2022இல் வந்தது, உள்ளங்கை அளவு, மைக் கேபிள் பூட்டுகிற எக்ஸ்எல்ஆர் வாய் இரண்டு, 32 பிட் ஃப்ளோட். கெயின் குமிழே கிடையாது, அதனால் திருகுகிற பிரச்சினையும் இல்லை. பதிவு தொடங்குவது தள்ளுகிற சுவிட்ச், கையுறையோடு தள்ளலாம். புளூடூத் துண்டு ஒன்றைத் தனியாக வாங்கிப் பூட்டினால் ஃபோனிலிருந்தே தொடங்கி நிறுத்தலாம், ஜக்கெட்டைத் திறக்கத் தேவையில்லை. உள்ளே மைக் இல்லை என்று சிலர் குறை சொல்வார்கள். இந்த வேலைக்கு அதுதான் நல்லது. எச்5 மாதிரித் தலையிலேயே மைக் இருந்தால் மைக்குக்காக முழு ரெக்கோடரையும் குளிருக்குள் நீட்ட வேண்டி வரும். மைக் வெளியே, ரெக்கோடர் நெஞ்சுக்குள் என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

32 பிட் இருக்கிறது என்று எல்லாவற்றையும் அதன் தலையில் போடவும் கூடாது. மைக் காப்சூல், அதாவது சத்தத்தை வாங்குகிற தலை, தாங்காமல் கிழிந்த சத்தத்தை அது காப்பாற்றாது, மைக்கின் சொந்த இரைச்சலையும் குறைக்காது.

மைக்குக்கு வந்தால், நான் குமணவில் பறவைக்குப் பாவிப்பது பிரைமோ ஈஎம்272 காப்சூல் வைத்த சின்ன மைக் சோடி. இரைச்சல் மிகக் குறைவு, விலையும் நியாயம். அதை எஃப்3இல் பூட்ட, ரெக்கோடர் மைக்குக்குக் கொடுக்கிற 48 வோல்ட்டைச் சின்ன வோல்ட்டாக மாற்றுகிற தலை வேண்டும், ரோட் விஎக்ஸ்எல்ஆர் பிளஸ் மாதிரி ஒன்று. காசுள்ளவர்கள் சென்ஹைசர் எம்கேஎச் வரிசைக்குப் போவார்கள். அது ரேடியோ அலைவரிசை முறையில் வேலை செய்வதால் ஈரத்துக்குப் படபடவென்று வெடிக்காது. நம் கடற்கரை ஈரத்துக்கும் அதே காரணத்துக்காகத்தான் அதைச் சொல்வார்கள்.

வாவிக்கரையான்

அக்கா, எஃப்3 மனதுக்குப் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் ரெக்கோடர் வாங்கிவிட்டு மைக்கை மலிவாக முடிக்கலாம். ஹைட்ரோபோன் எப்படி? தண்ணீருக்குள் உறைந்துபோகாதா? ஐஸின் மேலே வைத்துக் கேட்பதற்குத் தொடுமைக் வேண்டும் என்று கூட்டாளி சொல்கிறான், அது வேறா?

பறவைக்காது

ஹைட்ரோபோனுக்குத்தான் அங்கே சுகமான வேலை. வெளியே மைனஸ் 30 என்றாலும் ஐஸுக்குக் கீழே இருக்கிற ஏரித்தண்ணீர் 0 பாகைக்குக் குறையாது, அடியில் 4 பாகை வரைக்கும் இருக்கும். பிரச்சினை வெளியே எடுக்கும்போதுதான். நனைந்த கேபிள் காற்றில் பட்ட உடனே ஐஸ் கட்டும். இழுக்க இழுக்கத் துணியால் துடைத்துக்கொண்டே சுருட்ட வேண்டும். துளையும் கொஞ்ச நேரத்தில் மூடத் தொடங்கும், கேபிளைப் பிடித்துக்கொள்ளும், இடைக்கிடை கிளறிவிடுங்கள்.

தொடுமைக் என்பது பீசோத் தட்டு, கடையில் மணி அடிக்கிற பொம்மைக்குள் இருக்கிற அதே பித்தளை வட்டம். அதை ஐஸில் ஒட்ட வழி தேட வேண்டாம். ஈரம் படாதபடி மூடின தட்டை வைத்து மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டால் ஐஸே பிடித்துக்கொள்ளும், அதைவிட நல்ல பசை இல்லை. ஆனால் நேரே எக்ஸ்எல்ஆரில் பூட்டினால் அடித்தொனி எல்லாம் போய் சில்லென்று கேட்கும், பீசோவுக்கு உயர் தடை உள்ள உள்வாய் வேண்டும். இடையில் சின்ன பஃபர் சுற்று ஒன்று போட்டால் சரி, கல்முனை நானாவிடம் கேளுங்கள், செய்து தருவார்.

இலங்கையில் ஆங்கிலேய ஆட்சியின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் 1848இல் மட்டக்களப்பு வாவியில் பாடும் மீன் கேட்கப் போனபோது தோணியின் மரத்தில் காதை வைத்தாராம், சத்தம் பலமடங்கு கூடிக் கேட்டது என்று எழுதியிருக்கிறார். நம் மீனவர்கள் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைப்பதும் அதே வேலைதான். ஐஸில் நீங்கள் செய்யப் போவதும் அதுவே, காதுக்குப் பதில் பீசோ.

ஐஸ் வெடிக்கும்போது வருகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? உச்சத்தில் தொடங்கி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும், விளையாட்டுத் துவக்குச் சத்தம் மாதிரி. ஐஸ் தகட்டில் வளைந்து போகிற அலைகளில் உயர்ந்த தொனி வேகமாகப் போகும், தாழ்ந்தது பின்னால் வரும். அதனால் வெடிப்பு எவ்வளவு தூரத்தில் நடக்கிறதோ அவ்வளவு நீளமாக அந்த வழுக்கல் கேட்கும். கிட்டவே நின்றால் வெறும் படார்தான். எனவே மைக்கை ஏரியின் நடுவில் கொண்டு போய்த்தான் வைக்க வேண்டும் என்று இல்லை.

பின்மார்க் படுவான்கரையான் (நோர்வே)

தம்பி, இப்போதுதான் கண்டேன். நான் எண்பதுகளின் கடைசியில் இங்கே மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவன். சொந்த இடம் கொக்கட்டிச்சோலைப் பக்கம்.

முதலில் இடத்தைப் பிரித்து விளங்கிக்கொள். துரொம்சோ 69 பாகை வடக்கில் இருந்தாலும் கடற்கரை, சூடான கடல் நீரோட்டம் வந்து போகிற இடம். அங்கே மைனஸ் 20 என்பதே அரிது. பனி விழும், காற்று அடிக்கும், சிலவேளை மழையும் பெய்யும். அங்கே உனக்குக் காற்றும் ஈரமும்தான் எதிரி, மைக்குக்கு நல்ல மயிர்க் கவசம் வேண்டும். கராஷோக் வேறு உலகம். கடலுக்குத் தூரம், பள்ளத்தாக்கு, குளிர் காற்று கீழே இறங்கித் தேங்கி நிற்கும். 1886 ஜனவரி முதலாம் திகதி மைனஸ் 51.4 பதிவானது அங்கேதான், நோர்வேயின் சாதனை இன்றைக்கும் அதுதான். ஆனால் அந்த மாதிரிக் குளிர் வருகிற நாளில் பெரும்பாலும் காற்றே இருக்காது, ஒலிப்பதிவுக்கு அருமை. குளிர் காற்று தரையிலும் சூடான காற்று மேலேயும் இருந்தால் சத்தம் மேலே போகாமல் வளைந்து கீழே வரும், வெகு தூரத்து நாய் குரைப்பது பக்கத்தில் கேட்கும். படத்துக்கு அது நல்லதா கெட்டதா என்று நீதான் பார்க்க வேண்டும், தூரத்தில் போகிற ஸ்னோ ஸ்கூட்டரும் அப்படியே வந்து விழும்.

காற்றுக் குளிர் என்று வானிலைக்காரர் சொல்கிற எண்ணைப் பார்த்து ரெக்கோடருக்குப் பயப்படாதே. அது தோலுக்கான கணக்கு. காற்றில் சாமான் வேகமாகக் குளிரும், ஆனால் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது.

உன் பெரிய எதிரி நீ போட்டிருக்கிற ஜக்கெட். நைலோன் ஜக்கெட் அந்த அமைதியில் மூச்சு விட்டாலே சரசரக்கும். கம்பளி மேல்சட்டை தேடு, இங்கே பழைய உடுப்புக் கடைகளில் மலிவாக எடுக்கலாம். கைக்கு உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை, மேலே விரல் பிரியாத பெரிய கையுறை. பொத்தான் அமுக்க மேலுள்ளதை மட்டும் கழற்று. வெறும் விரலால் உலோகத்தைத் தொடாதே, ஒட்டிக்கொள்ளும், ஸ்டாண்டின் கால்களுக்குத் துணி நாடா சுற்றி வை. சப்பாத்துக்குக் கீழே பனி கிறீச்சிடும், பதிவு தொடங்கினால் நின்ற இடத்திலேயே நில். மைக்குக்குக் கிட்ட மூச்சு விடாதே, மயிர்க் கவசத்தில் அந்த ஈரம் உறைந்து கட்டியாகும்.

கேபிளைச் சொல்ல வேண்டும். ஊரில் வாங்குகிற பிவிசி உறை போட்ட கேபிள் அந்தக் குளிரில் காய்ந்த ஓலை போல விறைக்கும், சுருட்டின வடிவத்திலேயே நிற்கும், வற்புறுத்தி வளைத்தால் உறை வெடிக்கும். விறைத்த கேபிள் எங்கே தட்டினாலும் அந்தச் சத்தம் மைக்குக்குப் போகும். சிலிக்கன் உறை போட்டது கிடைத்தால் எடு, அது வளையும்.

ஐஸில் இறங்குகிற விசயத்தில் உள்ளூர் ஆளில்லாமல் ஓரடி வைக்காதே. தெளிந்த, கெட்டியான ஐஸ் 10 சென்ரிமீற்றர் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது இங்கே பொதுவான கணக்கு. ஜனவரியில் அதைவிடத் தடிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஆறு வந்து விழுகிற வாய், ஒடுங்கின இடம் எல்லாம் நம்ப ஏலாது. பனி மூடின ஏரியில் வெடிப்புக் குறையும், பனி போர்வை மாதிரி மூடிவிடும். காற்று கூட்டித் தள்ளி ஐஸ் வெளியே தெரிகிற இடமாகப் பார். வெப்பநிலை சடாரென்று இறங்குகிற நேரம்தான் ஐஸ் கத்தும்.

வாவிக்கரையான்

அண்ணே, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு சந்தேகம். ரெக்கோடர் என் உடம்போடு இருந்தால் நான் மைக்குக்குக் கிட்டவே நிற்க வேண்டுமே, என் சத்தம் எல்லாம் விழும். விட்டுவிட்டுத் தள்ளிப் போக வழி இல்லையா?

பின்மார்க் படுவான்கரையான்

இருக்கிறது. ஊரில் மீனை ஐஸ் போட்டுக் கொண்டு போகிற ரிஜிபோம் பெட்டி தெரியும்தானே, அதில் சின்னது ஒன்று. ஊரில் அது சூட்டை உள்ளே விடாது, இங்கே வெளியே விடாது. உள்ளே ரெக்கோடர், பவர்பாங்க், துணியில் சுற்றின வெந்நீர்ப் போத்தல் ஒன்று, மூடியை நன்றாக இறுக்கிக்கொள். கேபிள் போக ஓரத்தில் துளை போட்டுப் பஞ்சால் அடை. பிறகு வண்டிக்குள் போய் இரு. கையைச் சூடாக்குகிற பொட்டலமும் வைக்கலாம், ஆனால் அது இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடித்துத்தான் சூடாகிறது, இறுக மூடின பெட்டிக்குள் மூச்சுத் திணறி அணைந்துவிடும். இந்த வேலைக்கு வெந்நீர்தான் நம்பிக்கை. சிந்தாத போத்தலாகப் பார்.

பற்றரிக்கடை

ஒருவரும் திரும்பி உள்ளே வருவதைச் சொல்லவில்லை. இந்தச் சாமான்கள் குளிரில் கெட்டுப்போவதைவிட வீட்டுக்குள் வந்த பிறகு கெட்டுப்போவதுதான் கூட.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். இங்கே 30 பாகை, 80 வீத ஈரப்பதம் என்றால் 26 பாகைக்குக் குறைவாக இருக்கிற எதன் மேலும் தண்ணீர் படியும். ஏசி வானில் இருந்து இறங்கின உடனே கமராக் கண்ணாடி மூடிக்கொள்கிறதே, அது. அங்கே வீட்டுக்குள் காற்று வரட்சி, 21 பாகையில் 30 வீதம் என்று வையுங்கள், அப்போதும் 3 பாகைக்குக் கீழே இருக்கிற சாமானில் ஈரம் படியும். உங்கள் மைக் வருவது மைனஸ் 25இல். முதலில் வெண்பனி படிந்து பிறகு உருகித் தண்ணீராக உள்ளே இறங்கும். காப்சூல், கார்ட் வாய், பொத்தானுக்குக் கீழே, எல்லா இடமும்.

வழி இலகு. வாசலுக்கு வெளியே நின்று, அந்தக் குளிர் காற்றிலேயே, எல்லாவற்றையும் அமுக்கி மூடுகிற பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடுங்கள். பிறகு உள்ளே கொண்டு வந்து பல மணிநேரம் திறக்காமல் வையுங்கள். ஈரம் பைக்கு வெளியேதான் படியும். அன்றைய பதிவைக் கேட்க அவசரம் என்றால் பைக்குள் போடுவதற்கு முன்பே கார்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஒன்று இரண்டு போடலாம், நட்டமில்லை. இதே காரணத்தால் ரெக்கோடரை ஜக்கெட்டுக்குள் வைக்கும்போது வேர்வைக்கும் பயப்பட வேண்டும். ஏரிக்கு நடந்து போய் வேர்த்திருப்பீர்கள், ஒரு மெல்லிய பைக்குள் போட்டே நெஞ்சோடு வையுங்கள்.

விமானத்தில் உதிரி லித்தியம் பற்றரி எல்லாம் கையில் கொண்டு போகிற பைக்குள்தான், பெட்டியில் போடக் கூடாது. பவர்பாங்க் 100 வாற்-மணிக்குள் இருந்தால் கேள்வி வராது. முனைகள் ஒன்றோடொன்று முட்டாமல் நாடா ஒட்டுங்கள்.

இரவுக்கூத்து

சரி, எஃப்3க்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் படத்துக்கு ஆட்கள் கதைப்பதும் பதிவு செய்ய வேண்டி வந்தால் இரண்டு வாய் காணாமல் போகும், எச்5ஐயும் கொண்டு போ, விற்றுவிடாதே. போவதற்கு முன் ஒன்று செய். வீட்டு டீப் ஃப்ரீசர் மைனஸ் 18 வரும். நானா சொன்ன மாதிரிப் பைக்குள் போட்டு, பதிவை ஓடவிட்டு, இரண்டு மணிநேரம் உள்ளே வை. எது முதலில் நிற்கிறது என்று இங்கேயே பார்த்துக்கொள், கராஷோக்கில் போய்ப் பார்க்காதே.

வாவிக்கரையான்

எஃப்3 கொழும்பில் சொல்லிவிட்டேன். அது வருவதற்குள் எச்5ஐ ஐஸ்கிறீம் கடைக் கூட்டாளியின் ஃப்ரீசருக்குள் வைத்துப் பார்த்தாயிற்று. அல்கலைன் போட்டபோது பதிவு பாதியில் நின்றிருந்தது. லித்தியம் போட்டபோது எடுக்கும் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது, பற்றரி அடையாளம் ஒரு கோடுகூடக் குறையவில்லை. திரையில் செக்கன் மாறுவது சோம்பலாகத் தெரிந்தது, வின்னிபெக் அண்ணன் சொன்ன நிழலும் கண்டேன். பதிவில் இருப்பது முழுக்க ஃப்ரீசர் மோட்டார் இரைகிற சத்தம், நடுவில் யாரோ வந்து சொக்கோபார் எடுக்கிறார்.

மேசையில் வைத்த உடனே பைக்கு வெளியே தண்ணீர் முத்து முத்தாக வந்து வழியத் தொடங்கியது, கீழே வைத்த பத்திரிகை நனைந்தே போயிற்று. உள்ளே ரெக்கோடர் காய்ந்தபடியே இருந்தது. எப்போது திறக்கலாம் என்று எப்படி அறிவது, நானா? மணிக்கூட்டைப் பார்த்துத்தானா?

பற்றரிக்கடை

மணிக்கூடு தேவையில்லை தம்பி. பையின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். திரும்ப ஈரம் படிந்தால் உள்ளே இருப்பது இன்னும் குளிர், விடுங்கள். துடைத்த இடம் காய்ந்தபடியே இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துத் திறக்கலாம், பாரமான சாமானின் நடுப்பகுதி கடைசியாகத்தான் சூடாகும். பீசோவுக்குப் பஃபர் வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை பின்னேரம் தவிர எப்போதும் கடையில் இருப்பேன், தட்டைக் கொண்டு வாருங்கள்.